தொப்புள்கொடி வியாபாரம்

நிறுத்துங்க தம்பி, அந்த இடத்துலயே நிறுத்துங்க. பல்லிக்கு வால் திரும்ப முளைக்கிறதில்ல. சிரிக்காதீங்க, இது சிரிக்கிற விஷயமில்ல. இந்த ஒரு விஷயத்துல உலகமே ஏமாந்து கிடக்கு. முளைக்கிறது வால் மாதிரி ஒண்ணு. முதல் வாலுக்குள்ள முள்ளெலும்பு வரிசையா இருக்கும். ரெண்டாவதுக்குள்ள வெறும் குருத்தெலும்புக் குழாய். பார்க்கிறவனுக்கு வால், அறுத்துப் பார்க்கிறவனுக்கு வால் இல்ல. பல்லிக்கு வால் முளைக்குது, அதனால இருபது வருஷத்துல மனுசனுக்குக் கிட்னி முளைக்கும்னு நீங்க சொல்றீங்களே, பல்லியாலயே முடியாத வேலைய எங்க தலையில கட்டுறீங்க.

உக்காருங்க. அந்தக் கதிரை ஆடும், இதுல உக்காருங்க. தாஸிம்னுதானே சொன்னீங்க? இந்த மழையில திகனயிலருந்து குண்டசாலைக்கு பைக்ல வந்திருக்கீங்க, தொப்புள்கொடி ரத்தம் விக்கிறதுக்கு. விக்கிறது இல்லையா? சேமிக்கிறது. சரி, சேமிக்கிறது. நான் நகரசபையில கிளார்க்கா இருந்து பென்ஷன் வாங்கினவன் தம்பி, வார்த்தைய மாத்துனா சாமான் மாறாதுன்னு எனக்குத் தெரியும். என் மகளுக்குப் பிள்ளை பிறந்ததும், கொடியில மிஞ்சுற ரத்தத்தை ஒரு பையில பிடிச்சு உறைய வைப்பீங்க. என்னைக்காவது விஞ்ஞானம் வளர்ந்து வந்து அதைக் கேட்கும். அவ்வளவுதானே?

பிளேன்டீ குடிங்க, ஆறுது.

உங்க விளம்பரப் புத்தகத்துல, இந்தப் படத்துல இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளை யாரு? தெரியாதா. எண்பது வியாதி சுகமாகும்னு போட்டிருக்கீங்க. நான் எண்பதையும் வாசிச்சேன், ஆமா, ஒண்ணு விடாம. முழங்கால் தேய்மானம்னு ஒண்ணு இருக்கு. பிறக்கப்போற பிள்ளைக்கு முழங்கால் தேயிற காலத்துல உங்க கம்பெனி இருக்குமா? நீங்க இருப்பீங்களா? வழுக்கையும் இருக்கு. உங்க முதலாளி போட்டோ கடைசிப் பக்கத்துல இருக்கே, அவரு தலையைப் பார்த்தேன். அவருக்கு முதல்ல செஞ்சு காட்டச் சொல்லுங்க.

எதிர்காலம், எதிர்காலம். எங்க நகரசபைக் கந்தோருக்கு கம்ப்யூட்டர் வந்தப்ப, இனிமே கடதாசியே கிடையாதுன்னு ஒருத்தர் டை கட்டிட்டு வந்து சொன்னாரு. அப்புறம் என்னா நடந்துச்சு தெரியுமா? கம்ப்யூட்டர்ல அடிச்சதைக் கடதாசியில எடுத்து, கையெழுத்து வாங்கி, ஃபைல்ல வச்சோம். பழைய ஃபைலும் இருக்கணும்னாங்க. அலுமாரி பத்தல. சளி, தடிமனுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒழுங்கா ஒரு மருந்து கிடையாது, கொத்தமல்லிதான். இதுல நீங்க கிட்னி முளைக்க வைக்கப் போறீங்க.

கரண்ட் போனா அந்தப் பை என்னா ஆகும்? திரவ நைட்ரஜன்ல வைக்கிறதா, கரண்ட் தேவையில்லையா? சபாஷ். இவ்வளவு நேரத்துல நீங்க சொன்ன முதல் உண்மை இதுதான்.

பார்த்தீங்களா, மேல பல்லி ஒண்ணு ச்சுச்சுன்னுது. என் வீட்டுக்காரி காதுல விழுந்தா அதையே சம்மதம்னு எடுத்துக்குவா. நீங்க எடுத்துக்காதீங்க.

இப்ப நான் ஒண்ணு கேட்கிறேன். பிள்ளைக்குப் பரம்பரையா வர்ற ஒரு ரத்த வியாதி இருக்குன்னு வைங்க. அதே பிள்ளையோட கொடி ரத்தத்தை எடுத்து அதே பிள்ளைக்குக் குடுத்தா சுகமாகுமா? யோசிக்காதீங்க, ஆகாது. அந்த ரத்தத்துலயும் அதே குறைதானே இருக்கும். அப்போ இந்தப் படத்துக்குக் கீழ உங்கள் குழந்தைக்கு உங்கள் குழந்தையே மருந்துன்னு எழுதியிருக்கிறது யாரை ஏமாத்த?

என்னா சொன்னீங்க? கூடப் பிறந்த பிள்ளைக்குன்னா பிரயோசனப்படுமா?

ம். அதைச் சத்தமாச் சொல்லுங்க. உங்க புத்தகத்துல அது பன்னிரண்டாம் பக்கத்துல, எறும்பு எழுத்துல கிடக்கு. இருக்கிறதுல உண்மையான ஒரே வரி அதுதான். அதை முன்னால போட்டா வியாபாரம் நடக்காதாக்கும். எல்லார் வீட்டுலயும் நோயாளிப் பிள்ளை இருக்காதே.

குரலை மட்டும் கொஞ்சம் இறக்கிப் பேசுங்க. உள்ள பேத்தி தூங்குறா. துஷானி, அஞ்சு வயசு. காலையில வார்ட்டுக்குப் போய் ரத்தம் ஏத்திட்டு வந்தாங்க. ஆமா, தலசீமியா, நான் சொன்ன அந்தப் பரம்பரை ரத்த வியாதிதான். மாசா மாசம் ஏத்தணும். ஏத்துற ரத்தத்தால உடம்புல இரும்பு சேருது, அதை இறக்க ராத்திரியில வயித்துத் தோல்ல ஊசி. அவளே சட்டையத் தூக்கிக் காட்டுவா, எந்தப் பக்கம்னு. மருமகன் மோகனராஜ் வேற யாருமில்ல, என் அக்கா மகன்தான். அவனுக்கும் பாதி, என் மகளுக்கும் பாதி, சேர்ந்தது இவளுக்கு.

இல்ல தம்பி, வேணாம். இன்னும் பத்து வருஷத்துல இதுக்கு மருந்து வந்துரும்னு ஆரம்பிக்காதீங்க. மத்ததெல்லாம் சொன்னீங்க, கேட்டேன். அதைச் சொன்னா நான் எழும்பிப் போயிருவேன். அவ பிறந்த வருஷம் ஒரு பெரிய டொக்டர் அதைச் சொன்னாரு. அவருக்கு நான் ஒண்ணும் சொல்லல, அவரு நல்ல மனுசன்.

கணக்கு எனக்குத் தெரியும். வரப்போற பிள்ளையோடது இவளுக்குப் பொருந்துறதுக்கு நாலுல ஒண்ணு. அதுக்கும் இந்த வியாதி வராம இருக்கிறதுக்கு நாலுல மூணு. பெருக்குங்க. பதினாறுல மூணு. பொருந்துனாலும் அந்தப் பைக்குள்ள போதுமான அளவு ரத்தம் இருக்கணும். அதுக்கு மேல இவளை இந்தியாவுக்குக் கொண்டு போகணும். அதுக்கு மேல என்னா ஆகும்னு உலகத்துல எவனுக்கும் தெரியாது, தெரியும்னு சொல்றவன் உங்க கம்பெனியில வேலை செய்றவன்.

உங்க கம்பெனிக்கு மகள் பேர்ல போன் வந்துச்சுன்னா சொன்னீங்க? பேசினது நான்தான். அவ குரல் எப்படி இப்படி இருக்கும்னு உங்களுக்குத் தோணலையா.

பேனாவைக் குடுங்க. எங்க, இங்கயா? தாய் பேரு நிரோஷினி. எட்டு மாசம். ஆஸ்பத்திரியில உங்க ஆளு நேரத்துக்கு வந்து நிக்கணும், மழை, பஸ் இல்லைன்னு கதை சொல்லக் கூடாது. பையை மாத்தி எழுதுனீங்கன்னா உங்களைத் திகனயில வந்து தேடுவேன்.

அடுத்தது என்னா கேட்கிறாங்க? கண்ணாடி இல்லாமத் தெரியல, வாசிங்க.

பிள்ளைக்கு வைக்கப்போற பேரா?

துஷானி வயித்துல இருந்தப்ப நாலாம் மாசமே பேருக்குச் சண்டை, ரெண்டு வீட்டுலயும். இதுக்கு இன்னும் யாரும் பேர் யோசிக்கல தம்பி.