பெஞ்சில் உட்கார்ந்தபோது வந்த பதக்கம்

அன்று டீக்கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் சாதிக் பாஷா, ஊர்க்கவுண்டர் வேலுசாமி, பிரவீன், அவன் அம்மா ஆராயி, நான். டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறையில்லை சார்.

பிரவீன் எங்கள் மாரமங்கலத்துக்காரன். இந்தியக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன். சேர்வராயன் கோயில் திருவிழாவில் இந்த வருடம் முதல் பரிவட்டத்தை அவனுக்குக் கட்டலாமா என்பதுதான் பேச்சு. எங்களூரில் அதைச் சும்மா கட்டிவிட மாட்டார்கள். ஆள் என்ன சாதித்தான் என்று உட்கார்ந்து பேசித்தான் கட்டுவார்கள். நாட்டுக்காக அவன் ஆடிய எல்லா ஆட்டங்களையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு எஸ்டேட்டில் ராத்திரி காவல் பார்க்கிறவனுக்கு செல்போனில் வேறென்ன வேலை? அதனால் என்னைக் கேட்டார்கள்.

உள்ளதைச் சொன்னேன். அவன் ஆடிய ஆசியத் தொடர்கள் எல்லாவற்றிலும் நம் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான். எல்லாவற்றிலும் அணி முதல் சுற்றிலேயே திரும்பி வந்தது. போன வருடம் கணுக்கால் பிசகி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அணி வெண்கலம் வாங்கியது.

"ஏம்ப்பா சந்திரா, அவன் ஒரே மேட்ச்சுல முப்பது பாயிண்டு போட்டவன். நீ என்னத்தப் போட்ட?" என்றார் சாதிக் பாஷா.

"நைட் டூட்டி போட்டான்" என்றார் கவுண்டர்.

ஆராயிகூடச் சிரித்தாள். நான் கோபப்படவில்லை. அணி ஆட்டத்தை அணியின் முடிவை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பிரவீன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் சொல்றது நெசந்தானுங்க. பந்து கைக்கு வந்தா நான் யாருக்கும் குடுக்கறதில்லைங்க. இந்தவாட்டி குடுத்து ஆடோணும்."

"நொம்ப நல்ல மனசு சாமி உனக்கு" என்று கவுண்டர் முதுகில் தட்டினார். பரிவட்டம் முடிவாகிவிட்டது.

செய்தவனே ஒப்புக்கொண்ட பிறகும் மரியாதை செய்கிற ஊர் எங்களுடையது. மறுநாள் அவன் அடுத்த தொடருக்குக் கிளம்ப வேண்டும். அவனை உட்கார வைக்கப் பயிற்சியாளருக்குத் துணிச்சல் கிடையாது. கணுக்காலும் ஒவ்வொரு முறையும் பிசகாது. யாராவது நாட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் சார்.

காலையில், என் டூட்டி முடிகிற நேரத்துக்குப் பையோடு எஸ்டேட்டுக்கு வந்தான். சேலம் பஸ் வர இன்னும் நேரமிருந்தது.

"ஏனுங்ண்ணா, கொஞ்சம் காப்பிக்கொட்டை கெடைக்குங்களா? டீம்ல எல்லாத்துக்கும் குடுக்கலாம்னு."

"குடோன்ல கடைசி அடுக்குல இருக்குது கண்ணு. எடுத்துக்க."

முந்தின நாள்தான் குடோனில் பூச்சிக்கு விஷவாயு மாத்திரை வைத்திருந்தோம். வைத்தால் சில நாட்களுக்கு யாரும் நுழையக்கூடாது. கதவில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். இங்கே குழந்தைகளுக்குக்கூட அது தெரியும். இவன் சின்ன வயதிலேயே விளையாட்டு ஹாஸ்டலுக்குப் போனவன்.

"இதென்னங்ண்ணா, செவப்புத் துணி?"

"திருஷ்டிக்கு" என்றேன்.

எனக்கு அவன்மேல் பொறாமை என்று ஆராயி சொல்கிறாளாம். மகனை இழந்தவள், அவளிடம் நியாயம் பேச முடியாது. அவனில்லாத அணி நேற்று முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டதாக உங்கள் ஏட்டு சொன்னார். ஒரு தொடரை வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது சார்.

குடோன் வாசல் அவன் உயரத்துக்குப் போதாது. தலையைக் குனித்து உள்ளே போனான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.