டிக்கிக்க விரிச்ச உரப்பை

— பெருவிரலால லேசா அமத்தினவர் பாறூக் நானா. விரல் அப்பிடியே உள்ளுக்க போட்டுது, அருந்ததி! டிக்கித் தகரத்துக்குள்ளால நிலம் தெரியுது. கார் வாங்கவெண்டு வவுனியாவில இருந்து வந்த மனிசன், தேத்தண்ணியும் குடிக்காமல் போட்டார்.

— நான் ஊத்திக் குடுத்தனான். அவர் குடிக்காட்டி நான் என்ன செய்ய?

— தேத்தண்ணியே இப்ப கதை?

— கத்தாதேங்கோ. பிள்ளையள் படிக்குதுகள்.

— கத்தாமல்? 'நிரஞ்சன் தம்பி, கார் நல்லம், அடிதான் இல்லை' எண்டு சிரிச்சுப்போட்டுப் போறார். சிரிச்சவரடி! எனக்கு மூஞ்சையை எங்க கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியேல்லை. போன மாரி வரைக்கும் கண்ணாடி மாதிரிக் கிடந்த டிக்கி!

— சைக்கிள் ஏத்தினால் சேறு படுந்தானே. வாய்க்கால் கரை றோட்டை வெள்ளம் மூடினால் பள்ளிக்கூடத்தால பிள்ளையளை ஆர் கூட்டிவாறது? நான்தானே. ரெண்டு சைக்கிளும் மட்காட் வரைக்கும் களி. அதுகளை நடுறோட்டில விட்டிட்டு வரச் சொல்லுறியளோ?

— களி தகரத்தைத் தின்னாது. டிக்கிக்க கிடக்கிற காப்பெற் விரிப்பைக் கிளப்பிப் பாத்தனான். கீழ வெள்ளை வெள்ளையாப் பூத்துப்போய்க் கிடக்குது. சைக்கிளுக்குக் கீழ என்ன விரிச்சனீ?

— பை.

— என்ன பை?

— உரப்பை. வெட்டி விரிச்சனான்.

— கழுவின பையோ?

— கழுவ எனக்கெங்க நேரம்?

— அட கடவுளே! ரவுணில பிறந்தவள் செய்திருந்தால் தெரியாமல் செய்திட்டாள் எண்டு விட்டிடலாம். நீ வயல்காரன்ர பிள்ளை! கொப்பர் கணபதியார் வாய் திறந்தால் சொல்லுற கதையே அதுதானே. உரம் ஏத்தின றக்ரர்ப் பெட்டியைக் கழுவாமல் விட்டு, அடுத்த வெட்டுக்கு நெல்லு ஏத்தினால், பரந்தன் றோட்டு நீளத்துக்கும் நெல்லுக் கொட்டிக்கொண்டு போச்சுதாம். உரமும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு மிஞ்சாது எண்டு எனக்கே எத்தினை தரம் சொல்லியிருக்கிறார். மகளுக்குச் சொல்லேல்லையோ?

— சொன்னவர்.

— சொன்னவராம்! சரி, முந்தி டிக்கிக்கெண்டு புதுத் தறப்பாள் ஒண்டு வாங்கித் தந்தனான். அது எங்க?

— நெல்லுக் காயப்போட எடுத்தனான்.

— கொட்டுற மழைக்க நெல்லுக் காயப்போட்டனீ?

— ம்.

— என்ன ம்? இஞ்ச பார், எனக்கு வாற விசருக்கு என்ன செய்வன் எண்டு தெரியாது. ஏஜென்சிக்காரன் காசுக்கு மாசி மட்டும்தான் பொறுப்பன் எண்டிட்டான். கார் விக்காட்டி கனடாவும் இல்லை, ஒண்டும் இல்லை. அது விளங்குதோ உனக்கு?

— நல்லா விளங்குது. உங்களுக்குத்தான் ஒண்டும் விளங்கேல்லை. தர்ஷனும் உதே ஏஜென்சிக்காரனிட்டத்தானே போனவன். 'அக்கா, நாளைக்கு வள்ளத்தில ஏத்துவினமாம், போய்ச் சேர்ந்திட்டு எடுக்கிறன்' எண்டவன். எடுத்தவனோ? என்ர தம்பி இருக்கிறானோ இல்லையோ எண்டே தெரியேல்லை. அம்மா இண்டைக்கும் போனைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுக்கிறா.

— அவன் போன வழி வேற. இது வேற வழி.

— அவனும் இதைத்தான் சொன்னவன்! இதே சொல்லு, இதே மாதிரிக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னவன்! போன மாரியில நீங்கள் கனடா எண்டு தொடங்கின நாளில இருந்து போகவேண்டாம், போகவேண்டாம் எண்டு நான் கத்தேல்லையோ? அழுதன். சாப்பிடாமல் கிடந்தன். ஒரு சொல்லுக் காதில ஏறினதோ? இருக்கிற வயலைச் செய்து இஞ்சயே இருப்பம் எண்டால், 'பொம்பிளைக்கு என்ன தெரியும்' எண்டியள். எனக்குப் பயமப்பா. பயத்தில நித்திரை வாறதில்லை.

— கதையை மாத்தாத! நான் கேட்டது டிக்கியை. வள்ளத்தைப் பற்றி ஆர் கேட்டது?

— நான் மாத்தேல்லை.

— சரி விடு. உன்னோட கதைச்சுப் பிரயோசனமில்லை. புளியங்குளத்தில எனக்குத் தெரிஞ்ச வெல்டிங் கடை இருக்கு. நாளைக்கே கொண்டுபோய்த் தகடு வைச்சு ஒட்டி, பெயின்ற் அடிச்சு, வேற ஆளுக்குக் காட்டுவன். நீ பாத்துக்கொண்டிரு.

— ஒட்டுங்கோ. மழை இன்னும் விடேல்லை, பிள்ளையளின்ர சைக்கிளிலயும் சேறு காயேல்லை. கொட்டிலுக்க கழுவாத உரப்பை இன்னும் அடுக்கி வைச்சிருக்கிறன்.