துப்பாக்கி விளக்கில் முகம் தேடாதீர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, ஊர்த் தலைவர் அவர்களே, காப்புக்காட்டு நிர்வாகி அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, கணவரை இழந்து முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நியெலெட்டி அத்தை அவர்களே, சீருடையோடு வந்திருக்கும் வனக் காவலர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். நான் வுட்டோமி மலுலேக்கே, பதினோராம் வகுப்பு. எங்கள் பள்ளிக்குழுத் தலைவராக இருந்து மறைந்த சார்ஜென்ட் கசமுலா பலோயி அவர்களுக்கு மாணவர்கள் சார்பில் அஞ்சலி சொல்ல என்னை அனுப்பியிருக்கிறார்கள். ஆசிரியை திருத்திக் கொடுத்த தாள் என் பைக்குள் இருக்கிறது. நான் வாசிப்பது அதுவல்ல. இதை நேற்றிரவு போர்வைக்குள் யாருக்கும் தெரியாமல் எழுதினேன். வாசிப்பில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

யார் இந்தக் கசமுலா பலோயி? காண்டாமிருகங்களைக் காத்தவர் என்றார் போதகர். உண்மைதான். ஆனால் அவர் அதைவிட அதிகமாகக் காத்தது மனிதர்களை. நம் காவலர்கள் கையில் துப்பாக்கி இருக்கிறது, அந்தத் துப்பாக்கியில் விளக்கு இருக்கிறது. அந்த விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்போது போடுவது, எப்போது போடவே கூடாது என்று இந்த வட்டாரத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்.

நகரத்திலிருந்து ஒரு வியாபாரி விளக்குகளைக் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருப்பதிலேயே பிரகாசமானதைத்தான் எல்லோரும் கேட்டார்களாம். சார்ஜென்ட், அப்படிக் கேட்டவர்களை மழைத் தூறலில் நிற்கவைத்து அதைப் போடச் சொன்னார். தூறலில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் போட்டவர்களுக்கே கண் கூசிப்போனது.

“இதை ஃபுட்பால் மைதானத்துல கட்டுங்கப்பா. காட்டுக்கு வேணாம்.”

குறைந்த வெளிச்சமாக இருந்தாலும் பக்கவாட்டில் நன்றாகப் பரவுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சுடும்போது விளக்கின் திருகு தளர்கிறதா, சேறு படிந்த விரலுக்கு அதன் பொத்தான் தட்டுப்படுகிறதா, கைத்துப்பாக்கி விளக்கோடு சேர்ந்து உறைக்குள் இறுக்கமாகப் போகிறதா, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் சரி என்றார்.

தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு காவலர் கீழே விழுந்த சாவியைத் தன் கைத்துப்பாக்கி விளக்கால் தேடினாராம். அவர் பெயரைச் சொல்லமாட்டேன், இங்கேதான் இருக்கிறார். சார்ஜென்ட் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கேட்டார்: “ஏன்டா, சாவியைச் சுடப்போறியா?”

சிரித்துவிட்டீர்கள் அல்லவா? அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்குள் இருந்ததை நாம் மறந்துவிட்டோம். துப்பாக்கி விளக்கு எங்கே திரும்புகிறதோ அங்கேதான் குழலும் திரும்புகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: தேடுவதற்குக் கைவிளக்கு, முகம் பார்ப்பதற்குக் கைவிளக்கு, எதிரே இருப்பவர் ஆபத்தானவர் என்று தெரிந்த பிறகுதான் துப்பாக்கி விளக்கு.

புதிதாகச் சேர்பவர்களின் ஒவ்வொரு கையிலும் ஒரு கனிந்த மருலாப் பழத்தைக் கொடுப்பார். இடது கைப் பழத்தை மட்டும் நசுக்கு என்பார். அவர்கள் நசுக்கும் நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டுவார். இரண்டு பழமும் நசுங்கியிருக்கும்.

“பாத்தியா? ஒரு கை இறுகினா இன்னொரு கை உன்னைக் கேக்காமலே இறுகும். வெளக்குப் பொத்தானை அமுக்குறப்போ சுடுற விரலு வெளியில நீட்டிக்கிட்டு இருக்கணும்.”

இவ்வளவு சொன்னவர் எப்படி இறந்தார்?

வேலி அறுத்து நுழைந்த வேட்டைத் திருடர்கள் சுட்டார்கள் என்று சொன்னார்கள். தொலைந்த மாட்டைத் தேடி வேலிக்குள் போன பினியஸ் ங்கோபெனி பெரியப்பாவைப் பிடித்து, திருடர்களுக்கு வழிகாட்டியவர் என்று அடைத்துவைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி சசாவோனா பெரியம்மா இதோ கதவோரம் நிற்கிறார். பாயில் உட்கார அவருக்கு யாரும் இடம் விடவில்லை.

நிர்வாகி அவர்களே, மழைக்காலம் தொடங்கும்போது காவலர்களின் கைவிளக்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். துப்பாக்கியிலேயே விளக்கு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றீர்கள். சார்ஜென்ட் வேண்டாம் என்று மறுத்துப் பேசினார். கேட்டீர்களா? அவர் தன் சொந்தக் கைவிளக்கை இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்றவர்களிடம் அதுவும் இல்லை.

அன்று மாலை மழையில் இருட்டிவிட்டது. வேலி அறுந்ததாகத் தகவல் வந்ததும் மூன்று காவலர்கள் கிழக்கிலிருந்து போனார்கள். சார்ஜென்ட் தனியாக மேற்கிலிருந்து வந்தார். இரைச்சலில் வயர்லெஸ் கேட்கவில்லை. புதருக்குள்ளிருந்து அவர் தன் கைவிளக்கைத் தரையில் இருமுறை மின்னவைத்தார். நம்மாள் என்றால் எதிரே இருப்பவரும் தன் கைவிளக்கைத் தரையில் இருமுறை மின்னவைக்க வேண்டும். அது அவர் ஏற்படுத்திய வழக்கம். மின்னவைப்பதற்கு அந்த மூவரிடமும் என்ன இருந்தது?

முன்னால் போனவர் பயந்துவிட்டார். புதருக்குள் இருப்பது யார் என்று பார்க்கத் துப்பாக்கியைத் தூக்கினார். இடது கை விளக்குப் பொத்தானை அழுத்தியது. வலது கை தானாக இறுகியது. விரல் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. வெளிச்சத்தில் சார்ஜென்டின் முகம் தெரிந்தது. ஆனால் அதற்குள் குண்டு போய்விட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அன்றிரவு எங்கள் வீட்டுச் சமையலறையில் தெரிந்தது. சோளக்களி அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது, கிளற ஆளில்லை. என் அண்ணன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, “நான் பாக்கத்தான்மா லைட்டைப் போட்டேன், பாக்கத்தான் போட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா என்னைப் பார்த்ததும் என் வாயைப் பொத்தினாள். அம்மா, என்னை மன்னித்துவிடு. நீ இப்போது கூட்டத்தில் தலைகுனிந்திருப்பாய். உன் மகனை நீ காப்பாற்றப் பார்த்தாய். சசாவோனா பெரியம்மாவின் கணவரை யார் காப்பாற்றுவது?

சார்ஜென்டின் பணியைத் தொடர்வோம் என்று இந்த மேடையில் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எந்தப் பணியை? கைவிளக்கு இல்லாமல் இனி ஒரு காவலரும் கிளம்பமாட்டார் என்று நிர்வாகி இங்கேயே சொல்லட்டும். செய்யாத குற்றத்துக்கு அடைபட்டிருப்பவர் வீட்டுக்கு வரட்டும். அதுவரை நாம் சார்ஜென்டை வழியனுப்பிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ரிசிமாட்டி அண்ணா, நீ மூன்றாம் வரிசையில் இருப்பாய். நீ கொலைகாரன் இல்லை. இன்னொருவர் உனக்காக உள்ளே இருக்கும்வரை அதை நான் யாரிடமும் சொல்ல முடியாது. எழுந்து நில். நான் மேடையை விட்டு இறங்கி உன்னிடம் வருகிறேன். முதலில் நியெலெட்டி அத்தையிடம் போவோம், பிறகு காவல் நிலையத்துக்கு. நீ எழும்வரை நான் இங்கேயே நிற்பேன். இந்தத் தாளில் இதற்கு மேல் எதுவும் எழுதவில்லை.