நிக்காண்டர் அடைத்த குழி

என்ன, பாதிப் பேரு மீதிப் பேர் மூஞ்சியப் பாக்காம உக்காந்திருக்கீங்க? சரி... சண்டைய அஞ்சு நிமிஷம் ஒத்திவைங்க. சின்னதா ஒரு கதை வச்சிருக்கேன். கேட்டுட்டு அப்புறம் மொறச்சுக்குங்க.

ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி, கிரேக்க தேசம். ஆளும் ஊரும் என் கற்பனை. ஆனா அங்க சில ஆறு மலையில ஒரு குழிக்குள்ள இறங்கி, பூமிக்கடியிலயே ஓடி, எங்கயோ கீழ ஒரு பாறையடியில வெளிய வரும். அது நெசம்.

அப்படி ஒரு சின்ன ஆறு, கீழூர்னு ஒரு ஊர்ல பாறையடியில வெளிய வந்துச்சு. எங்கேர்ந்து வருதுன்னு கீழூர்க்காரங்களுக்குத் தெரியாது. எங்க பாறை, எங்க சாமி குடுத்த தண்ணின்னு இருந்தாங்க. கல்யாணப் பொண்ணு அந்தத் தண்ணியில குளிச்சாத்தான் அங்க கல்யாணம். இல்லேன்னா? கல்யாணமே கெடையாது.

கீழூர்த் தளபதி பேரு நிக்காண்டர். ஒரே மகளுக்குப் பத்து நாள்ல கல்யாணம். மனுஷன் சும்மா இருக்கலாம்ல? மேய்ச்சல் நிலத் தகராறுன்னு மலை மேல இருக்குற மேலூருக்குப் படையோட போயிட்டார். அங்க பாத்தா... அந்த ஊர் ஏரித் தண்ணி பூரா ஒரு குழிக்குள்ள போவுது. "குழியை அடைங்கடா. வயல் முழுகினா தானா வந்து கால்ல விழுவானுங்க." பெரிய பெரிய கல்லா உருட்டி அடைச்சாங்க. முகாம்ல ஒரே கொண்டாட்டம்.

நாலாம் நாள் வீட்லேர்ந்து ஆள் ஓடி வர்றான். சம்சாரம் மிர்ட்டோ சொல்லியனுப்பியிருக்கா.

"நம்ம ஆறு நின்னு போச்சு. பொண்ணு அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா. இதைச் செஞ்ச பாவி யாருன்னு கண்டுபிடிச்சு இழுத்துக்கிட்டு வாங்க."

நிக்காண்டர் ஏரியைப் பாத்தார்... குழியைப் பாத்தார்... பாவி யாருன்னு புரிஞ்சு போச்சு.

வாளைக் கழட்டி வச்சிட்டுத் தானே தண்ணியில இறங்கினார். கல்லு நகரல. கடைசில மேலூர் விவசாயி ஒருத்தர்கிட்டயே போய்க் கயிறும் எருதும் கேட்டார். எதிரிக்கு எதுக்குய்யா குடுக்கணும்னார் அவர். தளபதி சொன்னார்,

"என் பொண்ணுக்குக் கல்யாணம்ங்க."

அந்த ஆள் போய் எருதை அவுத்துக்கிட்டு வந்தார். அப்புறம் சொன்னார், "என் வயலும் வடியணும். வா, கயித்தைப் பிடி."

ரெண்டு ஊரும் சேர்ந்து இழுத்தாங்க. கல்யாணத்துக்கு முதல் நாள் கீழூருக்குத் தண்ணி வந்துச்சு. கலங்கலாத்தான் வந்துச்சு. பொண்ணு அதுலயே குளிச்சா.

இப்ப உங்ககிட்ட வர்றேன். கீழத்தெருவுக்குப் போற வாய்க்கால அடைக்கணும்னு மேலத்தெருவுல தீர்மானம் போட்டுட்டீங்க. கல்லும் வந்து இறங்கியாச்சு. அடைக்கிறவனுக்கு அடுத்தவன் படுற கஷ்டம்தான் கண்ணுக்குத் தெரியும், தன் வீட்டுக் கஷ்டம் பின்னாடிதான் வரும். அதனால கல்லைத் தூக்குறதுக்கு முந்தி வீட்டுக்குப் போய் ஒண்ணு கேளுங்க... கீழத்தெருவுல நமக்கு யாரு இருக்காங்க? அத்தை இருப்பாங்க. சம்பந்தி இருப்பாரு. நீங்க கட்டிக் குடுத்த பொண்ணு இருப்பா.

நீங்க அடைக்கப் போற தண்ணியிலதான்யா அவ இப்ப சோறாக்கிக்கிட்டு இருக்கா.