இன்னும் பத்தே நிமிடம்

சிங்காநல்லூரில் பெருந்துறை பஸ் கிளம்பியதும் முன் சீட்டிலிருந்து கேட்டது.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு எம்புள்ள பாஸ்டரையே உக்கார வெச்சுப்போட்டாளுங்கக்கா."

சொன்னது ஒரு அம்மா. ஜன்னலோரம் அவருடைய மகள், பன்னிரண்டு வயதிருக்கும். மடியில் தக்காளி மாதிரி ஒரு சமையல் டைமர். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தெரிந்த அக்கா போலிருக்கிறது.

"அதெப்படி அம்மணி?"

"இவளுக்கு ஆட்டிசமுங்களா, ஸ்கூல்ல ஒரு எடத்துல உக்கார மாட்டா. அதான் ஊட்லயே வெச்சு நாஞ்சொல்லிக் குடுக்கறனுங்க. டைமர் அடிக்கற வரைக்கும் பொறுமையா இருக்கோணும், அடிச்சா நன்றி சொல்லி முடிச்சுக்கோணும், சொன்ன சொல்லு மாறக் கூடாதுன்னு பழக்கியிருக்கறேன்."

"செரி."

"பாஸ்டர் பிரசங்கத்துல, 'இன்னும் பத்தே நிமிசத்துல முடிச்சுக்கறேன்'னாருங்க. இவ டைமரைத் திருகிட்டா. பத்து நிமிசமும் அசையவே இல்லீங்க. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. அப்பறம் டிங்குனு அடிச்சுது. எந்திரிச்சு, 'நன்றிங்க பாஸ்டர், உக்காருங்க'ன்னுட்டா."

"அய்யோ! அவரு என்ன பண்ணுனாரு?"

"'ஆமென்'னு சொல்லி உக்காந்துட்டாருங்க. இந்த வருசந்தான் எல்லாத்துக்கும் பிரியாணி சூடா கெடச்சுது."

அந்த அக்கா எட்டி மகளின் மடியிலிருந்த டைமரைப் பார்த்தார்.

"அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்க சர்ச்சுக்குக் கூட்டிட்டு வாயேன் அம்மணி."

அவிநாசியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கிக்கொண்டே, "டீ குடிச்சுட்டு அஞ்சே நிமிசத்துல வந்தர்றமுங்க" என்றார்.

ஜன்னலோரத்தில் தக்காளியைத் திருகும் சத்தம் கேட்டது.