நாலாம் நம்பரும் நாற்பத்தைஞ்சு வயசும்

...சொன்னனே தம்பி, உவனை ரீமில எடுக்கவேண்டாம், வயசு போட்டுது எண்டு தொண்டை கிழியச் சொன்னனே! ஆரும் கேட்டவையே? இப்ப பாரும், நாற்பத்தாறு வயசுக் கிழவன் அடிக்கிற அடியை. இந்தா... நாலு! ஸ்கோர் புத்தகத்தில எழுதவேணும். உம்மட பேனையை ஒருக்கால் தாரும். என்ர பேனை எழுதமாட்டன் எண்டு நிக்குது. அதுக்கும் என்னில மரியாதை இல்லாமல் போச்சு.

இரும், இந்தக் கதிரையில இரும். மனுசியை இஞ்ச லண்டனுக்கு எடுக்கிறதுக்கான ஃபோம்தானே? ஓம் ஓம், நிரப்பித் தாறன். இன்னும் நாலு ஓவர்தான், மச் முடியட்டும். பாலேந்திரா அண்ணையிட்டப் போனால் ஃபோம் பிழைக்காது எண்டு பிளேஸ்டோவில சொன்னவையோ? என்னைப் பற்றி ஆர் சொன்னது? சரி, விடும். நல்ல சனம்.

உந்தா அடிக்கிற அம்பலவாணனும் பிளேஸ்டோதான். போன வருஷத்தோட அங்கத்த ரீம் அவனை விட்டிட்டுது. முழங்கால் சரியில்லை எண்டு. அப்ப அவன் ஆரின்ர ஆளும் இல்லை, கூப்பிடுற இடத்துக்குப் போகலாம். ஏப்ரல் மாசம் எங்கட கிங்ஸ்பரி கொமிற்றி என்ர வீட்டு முன் அறையில கூடினது. எடுக்கிறதோ, விடுகிறதோ? ரெண்டு மணித்தியாலம் தம்பி! இலங்கைப் பிரச்சினைக்குக்கூட நாங்கள் அவ்வளவு நேரம் கதைக்கேல்லை. செக்ரட்டரி வைத்தியநாதன் எடுப்பம் எண்டார். ஓடமாட்டானே எண்டு ஒராள். அவன் அடிக்கிற பந்து றோட்டில போய்க் கிடக்கும், பிறகேன் ஓடவேணும் எண்டு மற்றாள்.

நான் எழும்பினன். 'இளம் ஆக்களுக்கு இடம் குடுக்கவேணும்' எண்டன். கை தட்டினவை. எனக்கே கண் கலங்கிப் போச்சு, அப்பிடிக் கதைச்சன்.

உண்மையைச் சொல்லட்டே? இளம் ஆக்களைப் பற்றி எனக்கென்ன? அவன் வந்தால் நாலாம் நம்பரில இறங்குவான். நாலாம் நம்பர் என்ர இடம். பத்து வருஷமா என்ர இடம். போன வருஷம் பதினொரு மச்சில எழுபத்திரண்டு ரன் எடுத்தனான். சிரிக்காதையும். அதில ஒரு இருபத்தொண்டு, நொட் அவுட்! மழை வந்து காப்பாற்றினது, அது வேற கதை. கிழமை முழுக்க வெயாஹவுஸில பெட்டி தூக்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பற்றைத் தூக்கிக்கொண்டு நடுவில போய் நிக்கிற அந்தப் பத்து நிமிசம்தான் மிச்சம். சில நாள் ரெண்டு நிமிசம். எண்டாலும் அது என்ர.

பொறும்... அம்பயர் கையைத் தூக்கிறார். வைட். ம்ம், போட்டாச்சு.

எங்க விட்டனான்? ஓ, நாலாம் நம்பர். அவனை நேர வேண்டாம் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னால் பொறாமை எண்டுவினம். அதால ஒரு விதி கொண்டந்தன். நாற்பத்தைஞ்சு வயசுக்கு மேல ஆரும் லீக் மச் விளையாடக்கூடாது. வாய்ச்சொல் காணாது, எல்லாரும் பாஸ்போட்டைக் காட்டவேணும். நானே எழுதி, நானே முன்மொழிஞ்சு, நானே முதலாவதா கையைத் தூக்கினன். அவனுக்கு நாற்பத்தாறு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறீரோ? அவனும் நானும் ஒரே வகுப்பு. ஒரே வாங்கு. ஆனால் கொமிற்றியில ஒரே வகுப்பு எண்டதை மட்டும் வாயே திறக்கேல்லை.

ஓம் தம்பி, ஓம். கணக்கு உமக்கு விளங்கீட்டுது. எனக்குத்தான் விளங்கேல்லை. ரீமில எல்லாருக்கும் எனக்கு நாற்பத்துமூண்டு எண்டு சொல்லி வைச்சிருந்தனான். மூண்டு வருஷமா நாற்பத்துமூண்டு. சொல்லிச் சொல்லி, தலைக்கு மையும் பூசிப் பூசி, எனக்கே நம்பிக்கை வந்திட்டுது. ரீ கொண்டந்த என்ர மனுசி தவநாயகி கதவடியில நிண்டு என்னை ஒரு பார்வை பாத்தவ. எனக்கு அப்பவும் உறைக்கேல்லை.

அடுத்த கிழமை மேசையில எல்லாற்ற பாஸ்போட்டும். அம்பலவாணன்ர பத்திரத்தை விரிச்சால், பிறந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தெட்டு. முப்பத்தாறு வயசாம்! கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தன். ஐம்பத்தெட்டுத்தான். பேந்து யேசுரட்ணம், அந்தா எல்லைக்கோட்டடியில ரீ ஊத்திக்கொண்டு நிக்கிறானே, அவன்தான் எங்கட வேகப் பந்து. உண்மையில முப்பத்தாறு வயசு. அவன்ர பத்திரத்தில நாற்பத்தெட்டாம் ஆண்டு! நாற்பத்தாறு வயசிலயும் இந்த வேகமோ எண்டு வைத்தியநாதன் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுப்போட்டு ரீமில இருந்து எடுத்திட்டார். கடைசியா என்ர. நான் எழுபத்திரண்டில ஸ்ருடன்ற் விசாவில வந்தவன், என்ர பாஸ்போட் சத்தியம் மட்டும்தான் சொல்லும். பிறந்தது நாற்பத்தெட்டாம் ஆண்டு. நானும் அவுட்.

அம்பலவாணன் என்னைக் குசினிக்குள்ள கூட்டிக்கொண்டு போனான். 'மச்சான், எண்பத்தைஞ்சில குரோய்டன் இமிக்கிரேஷன் கந்தோரில என்ரயும் யேசுவின்ரயும் அகதி ஃபோமை நிரப்பினது ஆர்?' எண்டான்.

ஆர்? நான்தான். அவனும் யேசுவும் மூண்டு நாள் நித்திரை இல்லாமல் வந்து நடுங்கிக்கொண்டு இருந்தவங்கள். எனக்கு என்ர இங்கிலீஷைக் காட்டவேணும். அவன்ர ஃபோம் ஒரு முழங்காலில, இவன்ர ஃபோம் மற்ற முழங்காலில. பக்கத்தில இருந்த ஆக்களுக்கும் புத்தி சொல்லிக்கொண்டே எழுதினன். இவன்ர வருஷத்தை அவனுக்கும், அவன்ர வருஷத்தை இவனுக்கும் எழுதிப்போட்டன். ரெண்டு பேரும் என்னை நம்பி வாசிக்காமல் கையெழுத்து வைச்சவங்கள்.

'ஏன்ரா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?' எண்டு கேட்டன். 'சொன்னால் நீ கவலைப்படுவாய். ஒன்பது வருஷம் போச்சு, போகட்டும்' எண்டான். யேசுரட்ணமும் அதைத்தான் சொன்னான். தம்பி, எனக்கு வெக்கமாப் போச்சு. நான் அவனை ரீமுக்குள்ள வரவிடாமல் விதி எழுதிக்கொண்டு இருந்தன். அவன் எனக்கு நோகக்கூடாது எண்டு தன்ர வயசையே மூடி வைச்சிருந்திருக்கிறான்.

விதியை மாத்தக் கேட்டன், கேக்காமல் விடுவனே? அடுத்த மார்ச்சில வருடாந்தக் கூட்டத்தில மட்டும்தான் மாத்தலாமாம். அதுவும் விதி. அதையும் நான்தான் எழுதினது.

அதால இப்ப அவன் நாலாம் நம்பர், யேசு ரீ ஊத்துறான், நான் ஸ்கோர் எழுதுறன். ஷ்ஷ்! கடைசிப் பந்து. மூண்டு ரன் வேணும். ஓடி எடுக்க அவனால ஏலாது... தூக்கிறான்... தூக்கீட்டான்! ஆறு! றோட்டுக்கு அங்கால! வெண்டிட்டம் தம்பி! பாரும், பற்றை என்ர பக்கம் காட்டுறான், விசரன். இரும், ஆறைப் போடுறன்... அறுபத்தேழு, நொட் அவுட். நான் ஒரு வருஷம் முழுக்க எடுத்த ரன்னுக்கு அஞ்சுதான் குறைவு.

சரி, இப்ப உம்மட அலுவல். கொண்டாரும் ஃபோமை. மனுசி பிறந்தது எந்த வருஷம்?

தம்பி?

யேசு! டேய் யேசு! இந்தக் கதிரையில இருந்தவர் எங்க? பஸ் ஸ்ரொப்புக்கு ஓடினவரோ? ஃபோமை நெஞ்சோட அணைச்சுக்கொண்டோ? பேனையை விட்டிட்டெல்லோ போட்டார்! நான் நல்லா எழுதிக் குடுத்திருப்பன்ரா...

என்ன? என்ன புத்தகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நாலாம் நம்பருக்கு நேர ஆரின்ர பேர் எண்டோ?

காட்டு.

ஐயோ. என்ர பேர். காலமை பழக்கத்தில எழுதிப்போட்டன் யேசு. சத்தியமா பழக்கத்தில. அறுபத்தேழும் என்ர பேரில... பேனையடா, அழியாது.

அவன் வாறான். புத்தகத்தை மூடு. சொல்லிப்போடாதை, கேட்டியே? ஒரு ஒன்பது வருஷம் போகட்டும், நானே சொல்லுறன்.