பாப்பியின் வயிற்று மூடி

அதுக்கு வலிக்காது பிரிட்சர்ட் சார், பாருங்க, அது பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்கிது. ஆராய்ச்சிக்குன்னு விலாவுல ஓட்ட போட்டு வச்ச அந்த ரப்பர் மூடியப் பிடுங்குனா நேரா இரைப்பைதான். இந்தப் பல்கலைக்கழகத்துல சேர்ந்த மொத வாரமே எல்லாரும் இந்தப் பசு பாப்பிக்குள்ள கை விட்டாகணும். உங்க பொண்ணு பெத்தன் தினம் காலையில இதுலருந்துதான் தீனி அள்ளிட்டுப் போய்ச் சோதிக்கிறா. பொண்ணு என்ன படிக்கிறான்னு அப்பா ஒரு தடவ தொட்டுப் பாக்க வேணாமா?

கையுறைய தோள் வரைக்கும் இழுத்து விடுங்க. பெத்தனோட அம்மா வரலியா? விரல்ல கட்டு இன்னும் பிரிக்கலியா? ஓகோ. அப்ப ஆறட்டும், ஆறட்டும்.

வெதுவெதுன்னு இருக்கா? அது ஊறுன புல்லு. இன்னும் முன்னால, கீழ. நான் விட்டா முழங்கை தாண்டி கொஞ்சம்தான் போகுது. பசங்க என்னைக் குட்டக்கை ஓவன்னுதான் கூப்பிடறாங்க. நீங்க மாட்டுப் பிரசவத்துல கன்னு இழுத்துப் பழகுன ஆளு, உங்க கை எங்க, என் கை எங்க.

தேன்கூடு மாதிரி தட்டுப்படுதா? அதான் சார். ஆணி, கம்பி, மாடு எதை முழுங்குனாலும் அங்கதான் போய் உக்காரும். அந்த உருண்ட கட்டையா? காந்தம். கம்பி வயித்தக் குத்தாம பிடிச்சு வைக்கும். அதை விடுங்க. பக்கத்துல தடவுங்க. தங்கம் காந்தத்துல ஒட்டாது.

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் சார்.

அவசரமா? மத்தியானம் லாரி வந்துரும். பாப்பிய ஸ்காட்லாந்துப் பண்ணைக்கு அனுப்பறாங்க. அதுக்குள்ள ஆகணும்.

இல்ல, நீங்க கேக்கறதும் நியாயந்தான். செவ்வாக்கிழம பெத்தன் கைய விடுறப்ப அது கையில மாட்டணும்னு மூடிக்குள்ள நூல்ல கட்டித் தொங்க விட்டேன். கேக்குல மோதிரத்த ஒளிச்சு வச்சுக் கல்யாணத்துக்குக் கேக்கறவன் எல்லாம் இருக்கான், நான் அவ தினம் பாக்கற எடத்துல வச்சேன். அன்னிக்குன்னு பாத்து அவளுக்குக் காய்ச்சல். நூலு அத்துப் போச்சு. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது.

கைய எடுத்துராதீங்க. எதோ சிக்குனாப்பல மொகம் மாறுதே. வளையமா? மெலிசா, ஓரம் தேஞ்சு? உங்களுக்குத் தெரியாம இருக்குமா, உங்க கல்யாணத்துல நீங்க போட்டதுதான.

அத்த விரலுக்கு ஒண்ணும் இல்ல மாமா, எனக்குக் கழட்டிக் குடுத்தது தெரியக் கூடாதுன்னுதான் கட்டு. பெத்தன் எதிர்ல கட்ட மட்டும் பிரிக்கச் சொல்லிராதீங்க, மோதிரத்தக் கழுவி முடிக்கிற வரைக்கும்.